கருங்கல் குழுவின் இரண்டாவது கேசட்

பூந்தமல்லியிலிருந்து டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்த தணிகாசலத்துக்கு அன்று கணக்கு நிற்கவில்லை. இரண்டு பேருக்குச் சில்லறையை மாற்றிக் கொடுத்தான். ஒரு கிழவரிடம் காசு வாங்காமலே நகர்ந்துவிட்டான். சட்டைப் பையில் கேசட் இருந்தது. குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அமிர்தநாதன் காலையில் பஸ் நிலையத்துக்கு ஓடிவந்து, "வந்துட்ச்சுடா!" என்று கையில் திணித்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறதென்று அதே வேகத்தில் ஓடிப்போனான். அவனும் இன்னும் கேட்டிருக்கவில்லை.

அட்டையில் குழு முழுவதும் நின்ற படம். நடுவில், மைக்கைப் பிடித்தபடி, வாரிய தலையோடு தணிகாசலம். கீழே சிவப்பில் 'பாடியவர்: தணிகாசலம்'. டிக்கெட் புத்தகத்துக்கு அடியில் வைத்து அதை எத்தனை முறை பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது.

பஸ்ஸில் அதைப் போடப் பென்னலூர் வரட்டும் என்று காத்திருந்தான். குழு பென்னலூர்க் குழு. கிதார் வாசிக்கும் பெரியநாயகம்தான் அதைத் தொடங்கினார். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கோயில் பாடகர் குழுவில் கிதார் பழகி, பிறகு பர்மா பஜாரில் ஒரு எலெக்ட்ரிக் கிதார் வாங்கி வந்தவர். "நாம வாசிக்கிறது ராக்" என்று அவர் ஊரில் சொன்னபோது, கல் உடைக்கப் போகிற ஆட்கள், "ராக்னா கல்லுதானே, அத்த தெனமும் நாங்கதான் வாசிக்கிறோம்" என்று சிரித்தார்கள். சரி, அதையே வைத்துவிடுவோம் என்று குழுவுக்குக் 'கருங்கல்' என்று பேர் வைத்தார். மூடிக் கிடந்த ரைஸ் மில்லில்தான் பயிற்சி. பாடியவர் ஜெபதாஸ். முதல் கேசட் வந்தபோது பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் வரை டீக்கடைக்கு டீக்கடை அவர் குரல்தான். கரகரவென்று, தொண்டையில் மணல் ஒட்டிக்கொண்டிருப்பது போன்ற குரல்.

அந்த ஜெபதாஸ், எண்பத்திரண்டில் மாதா கோயில் திருவிழாக் கச்சேரியில், தூறலில், மைக்கைப் பிடித்த கையோடு விழுந்தார். முதலில் ஜனங்கள் அதுவும் ஆட்டத்தில் சேர்ந்தது என்று கை தட்டினார்கள். தணிகாசலமும் அன்று கூட்டத்தில் நின்று தட்டியவன்தான். அமிர்தநாதன் டிரம்ஸைத் தள்ளிவிட்டு ஓடிவந்து, "லைன ஆஃப் பண்ணுங்கடா!" என்று கத்திய பிறகுதான் மின்சாரம் என்று புரிந்தது.

அதற்குப் பிறகு குழு இல்லை. ஒரு நாள் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வந்த பெரியநாயகம், காலி பஸ்ஸில் ஜெபதாஸின் பாட்டைத் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்த கண்டக்டரைக் கேட்டார். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் காஞ்சிபுரம் வரை வந்தார். அப்படித்தான் தணிகாசலம் உள்ளே வந்தான். ஜெபதாஸ் உயிரோடு இருந்தபோது இரண்டாவது கேசட்டுக்காகக் கட்டிவைத்த பாட்டுகளையே பெரியநாயகம் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். வடபழனியில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. இப்போது கேசட் வந்துவிட்டது.

பென்னலூரில் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். கடைசியாக அற்புதமேரி ஏறினாள். ஜெபதாஸின் மனைவி. சுங்குவார்சத்திரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் வேலை. தினமும் இதே பஸ். தணிகாசலத்துக்குக் கொஞ்சம் தயக்கம் வந்தது. ஆனால் அவன் பாடுவது அவளுக்கு முன்பே தெரியும். "நல்லாப் பாடு" என்று ஒரு நாள் சொல்லியும் இருக்கிறாள். கேசட்டை டிரைவரிடம் நீட்டினான்.

டிரைவர் மண்ணாங்கட்டிக்கு வாயெல்லாம் பல். "இன்னாடா, வந்துட்ச்சா? யம்மாடி, எல்லாரும் கேளுங்க! நம்ம கண்டக்டர் பாடிக்கிறான்!" ஓடிக்கொண்டிருந்த பக்திப் பாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு இதைச் செருகினார்.

கிதார் தொடங்கியது. டிரம்ஸ் சேர்ந்தது. தணிகாசலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் குரல் எந்த இடத்தில் வரும் என்று தெரிந்து, மூச்சைக்கூட அதற்காகவே இழுத்தான்.

"தாரு ரோட்டுல தண்ணி நிக்குது, கிட்டப் போனா காணோமே..."

முதல் வரியில் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெட்டி பழசு, அதனால்தான் குரல் கனமாகக் கேட்கிறது என்று நினைத்தான். இரண்டாவது வரியில் கம்பியை விட்டுவிட்டான். அது அவன் பாடிய வரி. ஆனால் பாடுவது அவன் இல்லை. தொண்டையில் மணல் ஒட்டிய அந்தக் குரல், பஸ்ஸின் நான்கு மூலையிலிருந்தும் அவனைப் பார்த்து வந்தது.

"டேய் தணிகா!" மண்ணாங்கட்டி ஸ்டியரிங்கைத் தட்டினார். "அப்படியே ஜெபதாஸ் மாதிரியே கீதுடா!"

பின்னால் யாரோ கை தட்டினார்கள். ஒரு அம்மா, "புள்ள எவ்ளோ சோக்கா பாடுது" என்றாள். அவன் வாயைத் திறந்தான். 'நான் இல்லை' என்று சொல்ல வேண்டும். ஆனால் நான் இல்லை என்றால் பிறகு யார்? செத்தவர் எப்படி இந்தப் பாட்டைப் பாடுவார்?

மூன்றாவது சுற்றில், 'காணோமே' என்ற இடத்தில், பாடுகிறவர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக வெடித்த ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டார்.

அற்புதமேரி எழுந்தாள். கூட்டத்தில் இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வந்தவள் தணிகாசலத்தின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

டிக்கெட்டுகள் சிதறின. பஸ் நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

"குரல எடுத்துக்கினே. பாட்ட எடுத்துக்கினே. வுட்டேன். அந்தச் சிரிப்புமாடா வேணும் உனுக்கு? அது என்னுதுடா!" என்றாள். படியில் இறங்கி, வெயிலில், நிறுத்தமே இல்லாத இடத்தில் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

கன்னம் எரிந்தது. அதைவிட, பஸ்ஸில் இருந்த அத்தனை கண்களும் அவனைச் சுட்டன. மண்ணாங்கட்டி பாட்டை நிறுத்தினார். "இன்னாடா செஞ்ச?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் ஒண்ணும் செய்யலண்ணா. அது நான் இல்ல" என்றான் தணிகாசலம். சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. பணப்பையோடு இறங்கி ஓடினான்.

புளியமரத்து நிழலில் அவளைப் பிடித்தான். தொடக் கூடாது என்று எட்டியே நின்றான்.

"யக்கா, மாதா மேல சத்தியம். அது என் குரல் இல்ல. நான் சிரிக்கவே இல்ல. நான் பாடுனது வேற."

"பின்ன யாரு?"

"தெரியல யக்கா. எனக்குக் கை கால் நடுங்குது, பாரு."

அவள் பார்த்தாள். நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் மெல்ல உட்கார்ந்தாள். வெறும் மண்ணில், புடவை அழுக்காவதைக்கூடப் பார்க்காமல்.

"அந்த ஸ்டூடியோவுக்கு என்னையும் இட்டுக்கினு போனாரு" என்றாள். "கடைசிப் பதிவுக்கு. எனக்கு ஏழு மாசம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குந்திக்கினு பன்னு துன்னுக்கினு இருந்தேன். கன்னம் ரெண்டும் உப்பிக்கினு. அவரு பாடிக்கினே நிமிந்து என்னப் பாத்துட்டாரு. அதான் சிரிப்பு. அத்த எனக்கும் அவருக்கும் தவிர யாருக்குடா தெரியும்?"

தணிகாசலமும் எதிரே மண்ணில் உட்கார்ந்தான்.

"அந்த டேப்ப அழிச்சிட்டோம்னு பெரியநாயகம் வந்து சொன்னாரு. அடக்கம் முடிஞ்ச கையோட. கேக்கத் தாங்கல, அழிக்கச் சொல்லிட்டேன்னாரு. அவருக்குத் தாங்கலியாம். நான் தாங்குவனா மாட்டனான்னு யாரும் கேக்கல. அன்னிலேர்ந்து அவரு வூட்டுப் பக்கம் நான் போனதில்ல."

அன்று மாலை தணிகாசலம் ரைஸ் மில்லுக்குப் போனபோது பெரியநாயகம் ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தார். டேப் ரெக்கார்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். கிதார் உறையை விட்டு வெளியே வரவில்லை. அமிர்தநாதன் சுவரில் சாய்ந்து சிகரெட் மேல் சிகரெட்டாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் அழிக்கச் சொன்னேன்" என்றார் பெரியநாயகம், யாரையும் பார்க்காமல். "என் வாயாலதான் சொன்னேன். எப்படிடா வந்தான் அவன்?"

மறுநாள் பெரியநாயகம் லீவு போட்டார். வடபழனிக்கு மூன்று பேர் போனார்கள்: அவர், தணிகாசலம், அற்புதமேரி. வருகிறாயா என்று அவளைக் கேட்க இருவருக்குமே தைரியம் வரவில்லை. அவளே நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸில் பெரியநாயகத்திடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒலிப்பதிவு செய்கிற தசரதன், ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். மூவரையும் ஒன்றாகப் பார்த்ததும் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"அழிக்கல சார்" என்றார். "மிஷின்ல மாட்டிட்டேன். அழிக்கிற பட்டன்ல வெரலும் வெச்சிட்டேன். மனசு வரல. அலமாரியில மேல போட்டுட்டேன். நீங்க திரும்ப வந்து பதிவு செஞ்சதும் அந்த டப்பா பக்கத்திலயே இந்த டப்பாவையும் வெச்சேன். ரெண்டிலயும் கருங்கல்னுதான் எழுதியிருக்கு. நான் இல்லாத நாள்ல கேசட் கம்பெனிப் பையன் வந்து எடுத்துக்கினு போயிட்டான். எத எடுத்தான்னு நான் பாக்கல. தப்பு என்னுதுதான்."

பெரியநாயகம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அற்புதமேரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. தசரதனிடம் மட்டும், "போடுங்க" என்றாள்.

அவர் போட்டார். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்பு வந்த இடத்தில் அவள் அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அவளும் சிரித்தாள். பெரியநாயகம்தான் அழுதார். எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர் போன பிறகு தணிகாசலம், "என்னுதையும் ஒரு தடவ போடுங்க சார்" என்றான்.

ஏன் கேட்டான் என்று அவன் பிறகு நிறைய நாள் யோசித்தான். தசரதன் அடுத்த டப்பாவைத் திறந்து மாட்டினார். அதே கிதார், அதே டிரம்ஸ், அதே வரி. இப்போது அவனுடைய குரல். சுதி பிசகவில்லை. தாளம் பிசகவில்லை. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இப்போதுதான் கேட்டு முடித்த அந்தக் குரலுக்குப் பிறகு, அது யாரோ பக்கத்து அறையில் மனப்பாடம் செய்வது போல இருந்தது. பாட்டு முடிவதற்குள்ளேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கன்னத்தில் அறை வாங்கியபோதுகூட இப்படித் திகைத்துப்போகவில்லை அவன். தனக்குக் குரல் இருக்கிறது என்று இத்தனை காலம் நம்பியது எந்தத் தைரியத்தில் என்று புரியாமல், ஓடுகிற டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கேசட் கம்பெனி முதலாளியின் அறை அடுத்த தெருவில். விஷயத்தைக் கேட்டதும் அவர் வாயைப் பிளந்தார். பிறகு சிரித்தார்.

"இத்தப் போயி வெளிய சொல்லிக்கினு இருக்காதீங்க" என்றார். "கடைக்காரன்லாம் இன்னும் வேணும்னு போன் மேல போன் பண்றான். தம்பி, உனக்கு இன்னா நஷ்டம்? படம் உன்னுது, பேரு உன்னுது. கச்சேரில வாய மட்டும் அசைச்சினா போதும், பின்னால கேசட்ட ஓட்டிக்கலாம். எவனுக்குத் தெரியப் போவுது?"

தணிகாசலம் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அதை நினைத்துப் பார்த்தான். அம்மா தாயாரம்மாள் அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தாள். தெருவில் யார் போனாலும் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் கை தட்டினார்களே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருந்தது.

"இந்த அக்காவுக்குத் தெரியும்" என்றான்.

முதலாளி அப்போதுதான் அற்புதமேரியைக் கவனித்தார். யாரென்று தெரிந்ததும் நாற்காலியில் நிமிர்ந்தார். "நீ இன்னாமா சொல்ற? நிறுத்தணுமா?"

"நிறுத்த வாணாம்" என்றாள் அவள். "ஓடட்டும். எங்க பொண்ணு அவங்க அப்பா குரலக் கேக்கட்டும். ஆனா அந்தப் பேர எடுங்க. அவரு பேரப் போடுங்க."

"அப்போ இந்தத் தம்பி பாடினது?"

"அதையும் தனியாப் போடுங்களேன்" என்றார் பெரியநாயகம்.

"ஒரே பாட்ட ரெண்டு பேரு பாடி எவன் வாங்குவான்? பாக்கலாம், பாக்கலாம்" என்றார் முதலாளி. அவர் குரலிலேயே பதில் இருந்தது.

மாதா கோயில் திருவிழா வந்தது. கச்சேரிக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதே மைதானம். அந்தி வெளிச்சம் இன்னும் போகவில்லை. மழையும் இல்லை. ஆனாலும் அமிர்தநாதன் மூன்று தடவை ஒயரைத் தடவிப் பார்த்தான். மைக்கைச் சுற்றி ரப்பர் சுற்றியிருந்தார்கள். தணிகாசலம் மேடையில் ஏறியதும் கூட்டம் ஆரவாரித்தது. கேசட் அதற்குள் ஊர் ஊராகப் போயிருந்தது. சுங்குவார்சத்திரத்திலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் வந்த கூட்டம், அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்து விசில் அடித்தது. முன்வரிசையில் அம்மா புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அற்புதமேரி நின்றுகொண்டிருந்தாள்.

மைக்கைத் தொட அவனுக்குப் பயமாக இருந்தது. அது உண்மை. தொட்டான்.

"கேசட்ல நீங்க கேக்கறது என் குரல் இல்லீங்க" என்றான். "அது ஜெபதாஸ் அண்ணன். சாவறதுக்கு முன்னால பாடினது. தப்பா என் பேரு வந்துட்ச்சு. நான் பாடினது வேற. இப்போ பாடப்போறதும் வேற."

விசில் நின்றது. கை தட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. மைதானத்தில் அவ்வளவு ஜனம் இருந்தும், குழாய் ஸ்பீக்கரின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு கிழவர் எழுந்து சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். யாரோ ஒரு பெண், "ஐயோ, ஜெபதாஸா? நம்ம ஜெபதாஸா?" என்று உரக்கக் கேட்டாள். பின்வரிசையில் ஒருவன், "அப்போ எங்களை ஏமாத்தினியாடா?" என்று கத்தினான். அம்மா மட்டும் மேடையைப் பார்க்காமல் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பெரியநாயகம் கிதாரில் முதல் கம்பியைத் தட்டினார். தணிகாசலம் பாடினான். முதல் பாட்டு முடிவதற்குள் பாதிக் கூட்டம் பேசிக்கொண்டே கலைந்தது. மீதிக் கூட்டம் இருந்தது. ஜெபதாஸின் பேரைக் கேட்டது போதும் என்பதுபோல அற்புதமேரி குழந்தையோடு போய்விட்டாள். அவன் பார்த்தான். பாட்டை நிறுத்தவில்லை.

அடுத்து வந்த கேசட்டுகளில் ஜெபதாஸின் பேர் இருந்தது. படம் கிடைக்கவில்லை என்று ஒரு ரோஜாப்பூவைப் போட்டிருந்தார்கள். தாயாரம்மாள் பழைய அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. அவனும் எடுக்கச் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து பெரியநாயகம், தணிகாசலத்தின் பதிவை வேறு ஒரு கம்பெனியில் கொடுத்துப் பார்க்கலாம் என்று வடபழனிக்குப் போனார். அங்கே தசரதன் இல்லை. வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டிருந்தார். அவர் இடத்தில் இருந்த ஆள் அலமாரியைத் துழாவிவிட்டு, கருங்கல் என்று எழுதிய டப்பாவை எடுத்துக் கொடுத்தான். உள்ளே இருந்தது யாரோ ஊதுபத்திக்குச் செய்த விளம்பரம். டேப் தட்டுப்பாடு, யாரும் கேட்டு வரவில்லை, அதனால் அதன் மேலேயே பதிவு செய்துவிட்டோம் என்றான்.

பெரியநாயகம் இதைப் பூந்தமல்லி நிலையத்தில் பஸ்ஸுக்கே வந்து சொன்னார். படியில் நின்றபடி, ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில். "திரும்பப் பாடலாம்டா. இன்னும் நல்லாப் பாடலாம். நான் இருக்கேன்" என்றார். தணிகாசலம் விசிலை வாயில் வைத்தான். ஊதவில்லை. காற்று வரவில்லை. மண்ணாங்கட்டி கண்ணாடியில் பார்த்துவிட்டு, தானாகவே வண்டியை எடுத்தார்.

பென்னலூரில் அற்புதமேரி ஏறினாள். அவன் டிக்கெட் கொடுத்தான். மீதியை வாங்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சு?"

"என் டேப்ப அழிச்சிட்டாங்களாம், யக்கா" என்றான். சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. "மேலயே ஊதுபத்தி விளம்பரம் பண்ணிட்டாங்களாம்."

அவள் 'போனா போவுது' என்று சொல்லவில்லை. மடியிலிருந்த பையை எடுத்துக் காலடியில் வைத்தாள். ஜன்னல் பக்கம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, "குந்து" என்றாள்.

பெண்கள் இருக்கை. பஸ் நிறைய ஊர்க்காரர்கள். முன்னாலிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தணிகாசலம் தோளில் பணப்பையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஸ்ரீபெரும்புதூர் வருகிறவரை எழுந்திருக்கவில்லை. அதுவரை யாரும் அவனிடம் டிக்கெட் கேட்கவில்லை.